நான் பறித்த கீரை

எங்கள் சித்தப்பாவுக்குக் கீரை என்றாலே ஆகாது. தட்டில் பச்சையாக எதைக் கண்டாலும், கறிவேப்பிலை உட்பட, விரலால் தள்ளி ஓரத்தில் ஒதுக்குவார். "இதெல்லாம் ஆடு திங்கறதுங்க அண்ணி. நான் ஆட்டத் திங்கறவன்" என்று அம்மாவிடம் சொல்வார். கொல்லிமலையில் பிறந்து, கீரை தின்னாமல் இருபத்தெட்டு வயது வரை ஒருவன் வளர்ந்திருக்கிறான் என்றால் அவனைக் காட்சிக்கு வைக்கலாம் என்பார் அப்பா. மழை பெய்து நாலு நாள் வெயில் அடித்தால் போதும், கேழ்வரகுக் காட்டிலும் வரப்பிலும் மிளகுக்கொடி ஏறிய மரத்தடியிலும் கீரை தானாக முளைத்து நிற்கும். யாரும் விதைப்பதில்லை, யாரும் தண்ணீர் விடுவதில்லை. அதைப் போய் வேண்டாம் என்கிறாரே என்று வீட்டில் எல்லோரும் அவரைக் கேலி செய்தோம். அதிகமாகக் கேலி செய்தது நான்தான்.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர்; வாழவந்தி நாட்டில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், சித்தப்பா, சித்தி என்று ஐந்து பேர். அப்பாவுக்கு மரவள்ளிக் காடும் கேழ்வரகுக் காடும் கொஞ்சம் மிளகும் இருந்தன. சித்தப்பா பிக்கப் வண்டி ஓட்டினார். அன்னாசியும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு மலை ரோட்டின் எழுபது வளைவும் இறங்கி நாமக்கல்லுக்குப் போய்விட்டு, மதியத்துக்குள் மறுபடி எழுபது வளைவும் ஏறி வந்துவிடுவார். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கதை வைத்திருந்தார். எந்த வளைவில் யாருடைய மாமனார் வாந்தி எடுத்தார் என்பது வரைக்கும் சொல்வார். அந்தக் கதைகளில் பாதி பொய் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் கேட்பேன்.

சித்தி திண்ணனூர் நாட்டுப் பெண். கல்யாணம் ஆகி வந்தபோது அவளுக்கு இருபத்தொன்று. என்னைவிடப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுதான் மூத்தவள் என்பதால் அவளை நான் 'நீ, வா, போ' என்றே பேசினேன். அவள் வந்து ஆறு மாதத்துக்குள் சித்தப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வண்டியிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கிற தூரத்துக்கே இரண்டு இடத்தில் நின்றார். சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, சின்ன வயதில் வந்த காய்ச்சல் இருதயத்து வால்வைத் தின்றிருக்கிறது என்றார்கள். காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்தது. பழைய வால்வை எடுத்துவிட்டு உலோகத்தில் செய்த ஒன்றை வைத்தார்கள். அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் பெரிய அத்தை, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, "இவ வந்த நேரம் இப்படியாச்சு" என்று சித்தி காதில் விழும்படி சொன்னாள். சித்தி தலை நிமிரவில்லை. காய்ச்சல் வந்தபோது சித்தப்பாவுக்கு எட்டு வயது என்பதை அத்தையிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பிளாஸ்டிக் உறையில் காகிதங்களைப் போட்டுக் கொடுத்தார்கள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு சின்ன மாத்திரை. உலோக வால்வில் இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க அது. சாகும்வரை ஒருநாளும் விடக் கூடாது. மாதம் ஒருமுறை கீழே போய் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரத்தம் ரொம்பக் கெட்டியாகவும் இருக்கக் கூடாது, ரொம்பத் தண்ணீராகவும் இருக்கக் கூடாது. அங்கிருந்த நர்ஸ் இவ்வளவையும் சொல்லிவிட்டு, "சாப்பாடு பத்தி பின்பக்கம் போட்டிருக்கு, படிச்சுக்குங்க" என்றாளாம். சித்தி அந்த உறையைத் தன் கல்யாணப் புடவைக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்தாள். மாத்திரையை அவளே எடுத்துக் கொடுப்பாள். கடிகாரத்தைப் பார்த்து, கொடுத்து, விழுங்குகிறாரா என்று தொண்டையையும் பார்ப்பாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு சித்தப்பாவின் நெஞ்சில் ஒரு சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். உலோக வால்வு திறந்து மூடுகிற சத்தம். பக்கத்தில் உட்கார்ந்தால் காதை வைக்காமலே கேட்கும். "உள்ள ஒரு குட்டிக் கொல்லன் குடியிருக்கான் பாப்பா. வாடகை கெடையாது. ஆனா ராப்பகலா வேலை செய்யணும்னு பேச்சு" என்பார். என் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து வந்து வரிசையில் நிற்கவைத்து, ஒவ்வொருவராக அவர் நெஞ்சில் காது வைத்துக் கேட்க விட்டேன். எங்கள் ஊரில் வேறு யாரிடமும் இல்லாத சித்தப்பா அவர்.

ஒன்றரை வருடம் நன்றாகப் போயிற்று. மூட்டை தூக்குவதை மட்டும் விட்டுவிட்டு மறுபடி வண்டி ஓட்டினார். மாதா மாதம் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். கோழிக்குழம்பும் களியும், ரசமும் சோறும், மரவள்ளிக் கிழங்கும். கீரை மட்டும் கிடையாது.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், புரட்டாசி மாதம், எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு முகாம் நடந்தது. சுகாதார நர்சம்மா ஒருவர் வந்து எல்லோருக்கும் விரலில் குத்தி, இரத்தம் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்தார். பிள்ளைகளை அழைத்துப்போக வந்த பெரியவர்களும் வரிசையில் நின்றார்கள். சித்தப்பாவும் விளையாட்டாக விரலை நீட்டினார். அவருக்கு இரத்தம் குறைவு என்று வந்தது.

"தெனமும் கீரை சாப்பிடுங்க. முருங்கைக்கீரை ரொம்ப நல்லது" என்றார் நர்சம்மா.

"எனக்கு இருதய ஆபரேசன் ஆயிருக்குதுங்க. மாத்திரை சாப்பிடறனுங்க."

"அது பாட்டுக்கு அதச் சாப்பிடுங்க. ரத்தம் ஊறணுமில்ல? கீரையையும் சாப்பிடுங்க."

அவருக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள். நர்சம்மா எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. சித்தப்பா முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பாப்பா, உங்க சித்தப்பா கீரை சாப்பிடறாரான்னு நீதான் பாத்துக்கோணும். சரியா?" என்றார்.

எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. அடுத்த நாள் விடியற்காலையிலேயே வேலையில் சேர்ந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக் கைப்பம்புக்குப் பக்கத்தில் ஒரு முருங்கைமரம் இருந்தது. எங்கள் கேழ்வரகுக் காட்டில் பண்ணைக்கீரை மண்டிக் கிடந்தது. ஓடையோரம் பொன்னாங்கண்ணி. வேலியோரம் மணத்தக்காளி. பாவாடை முழங்கால் வரை பனியில் நனைய, துணிப்பை நிறையப் பறித்து வந்து சித்தியிடம் கொடுப்பேன். அவள் ஆய்ந்து, வேகவைத்து, மத்தால் கடைந்து, களிக்குப் பக்கத்தில் குழியாக ஊற்றுவாள். சித்தப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முதல் நாள் அவர் சாப்பிடவில்லை. "பாப்பா, எனக்குக் கீரை கூடாது. ஆசுபத்திரிக் காயிதத்துலயே போட்டிருக்குது. சத்தியமா" என்றார்.

வீடே சிரித்தது. கீரையிலிருந்து தப்பிக்க அவர் இதற்கு முன்பு சொல்லாத பொய் இல்லை. கீரை தின்றால் வளைவில் வண்டி திரும்பாது என்று ஒருமுறை சொன்னார். கல்யாணத்தன்று, கீரை போடக் கூடாது என்று பெண் வீட்டாரிடம் வாக்கு வாங்கியதாக ஒருமுறை சொன்னார். இதுவும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. "டாக்டருக்குக் கீரை பிடிக்காதோ என்னமோ" என்றார் அப்பா. சித்தியும் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். பெட்டியைத் திறந்து காகிதத்தைப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. சொன்னவருக்கே அது நிச்சயமாகத் தெரியுமா, எங்கோ அரைகுறையாகப் படித்த ஞாபகமா என்பதும் தெரியாது. சொல்லிவிட்டு அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

அவர் சாப்பிடாததால் நானும் தட்டைத் தள்ளிவைத்தேன். அழுதேன். காலையில் அட்டை கடித்த என் காலைக் காட்டிக் காட்டி அழுதேன்.

"அழுவாத சாமி. குடு, தின்னு தொலைக்கறேன்" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

அன்றிலிருந்து தினமும் சாப்பிட்டார். எனக்காகச் சாப்பிட்டார். இரண்டாவது வாரத்தில், "இந்தப் பண்ணைக்கீரை அவ்வளவு மோசமில்ல" என்றார். மூன்றாவது வாரத்தில் இன்னொரு கரண்டி கேட்டார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, இருபத்தெட்டு வருடமாக யாராலும் முடியாததைச் செய்துவிட்டாய் என்றாள்.

ஐப்பசி மழை அந்த வருடம் விடாமல் அடித்தது. கீழே போகிற ரோட்டில் இரண்டு வளைவுக்கு நடுவே மண் சரிந்து, பாறை உருண்டு விழுந்தது. பதினைந்து நாளுக்குப் பஸ் இல்லை. சித்தப்பாவின் வண்டியும் வாசலிலேயே நின்றது. மழைக்கு முந்தியே வாங்கி வைத்திருந்ததால் மாத்திரை கைவசம் இருந்தது. இரத்தப் பரிசோதனைக்குத்தான் போக முடியவில்லை. ரோடு திறந்ததும் காத்துக்கிடந்த அன்னாசியெல்லாம் ஒரேயடியாக வந்து குவிந்தது. "ஏனுங்க, ரத்தம் குடுக்கப் போகோணுமே" என்று சித்தி இரண்டு முறை நினைவுபடுத்தினாள். "ஒடம்பு நல்லாத்தான இருக்குது? அடுத்த மாசம் சேத்துப் பாத்துக்கலாம்" என்றார் அவர். உடம்பு நன்றாக இருப்பதற்குக் காரணம் என் கீரை என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

கார்த்திகை பிறந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். வழக்கம்போல நெஞ்சில் காது வைத்தேன். சத்தம் மாறியிருந்தது. டிக் என்று தெறிக்காமல், துணிக்குள் வைத்துத் தட்டுவதுபோல மந்தமாகக் கேட்டது. எழுந்து உட்கார்ந்து, "சித்தப்பா, சத்தம் கொறைஞ்சு போச்சு!" என்று கத்தினேன்.

"நெசமாவா? கீரை தின்னு கொல்லனுக்கு வயிறு நெறைஞ்சு தூங்கறான் போல" என்றார்.

சித்தியும் வந்து காது வைத்துக் கேட்டாள். அவள் முகம் மலர்ந்தது. "ஆமா கண்ணு. நாலஞ்சு நாளா எனக்கே தோணுச்சு. சத்தமில்லாம நிம்மதியாத் தூங்கறேன்" என்றாள். உடம்பு அந்த இரும்பை ஏற்றுக்கொண்டுவிட்டது, இனி அவர் மற்றவர்களைப்போல ஆகிவிடுவார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் எனக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிப் பணியாரம் செய்து கொடுத்தாள். நாங்கள் மூன்று பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்த கடைசி நாள் அது.

அதற்கு நாலாம் நாள் காலை. பை நிறைய முருங்கைக்கீரையோடு வந்துகொண்டிருந்தேன். சித்தப்பா வண்டிக் கதவைத் திறந்துவைத்து, படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பையைத் தூக்கிக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போயிற்று. கீரையைப் பார்த்து அவர் வழக்கமாகக் காட்டுகிற சேஷ்டை என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. நான் இன்னும் சிரித்தேன். அவர் பக்கவாட்டில் சாய்ந்து, தலை மண்ணில் மோதியபோதுதான் சிரிப்பை நிறுத்தினேன். நான் சிரித்துக்கொண்டு நின்றது எவ்வளவு நேரம் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அவர் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரரின் ஜீப்பில் அவரைக் கிடத்தி அப்பாவும் சித்தியும் மலை இறங்கினார்கள். எழுபது வளைவும் சித்தி அவர் தலையை மடியில் பிடித்துக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைச் சேலத்துக்கு அழைத்துப் போனார். சித்தப்பா கட்டிலில் கிடந்தார். வலது கையும் வலது காலும் அவருடையவை அல்லாததுபோல ஒதுங்கிக் கிடந்தன. என்னைப் பார்த்து "அ... அ..." என்றார். அவ்வளவுதான் வந்தது. எழுபது வளைவுக்கும் கதை சொன்ன வாய்.

டாக்டர் வந்தார். நடுத்தர வயது, களைத்த முகம். வால்வில் இரத்தம் கட்டி, அதில் ஒரு துணுக்கு மூளைக்குப் போய் அடைத்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு சித்தியிடம் கேட்டார்.

"மாத்திரை விட்டீங்களா?"

"ஒரு நாளும் விடலீங்க. நாந்தானுங்க எடுத்துக் குடுப்பேன்."

"டெஸ்ட் ஏன் எடுக்கல?"

"ரோடு சரிஞ்சு போச்சுங்க. அப்பறம் அவுரு... அடுத்த மாசம்னாருங்க."

"சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா? புதுசா எதாவது? கீரை, அந்த மாதிரி?"

சித்தி வாய் திறப்பதற்குள் நான் முன்னால் போய் நின்றேன். "நாந்தாங்க டாக்டர், தெனமும் கீரை பறிச்சுக் குடுத்தேன். முருங்கைக்கீரை, பண்ணைக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி. ரெண்டு மாசமா ஒரு நாள்கூட விடல." பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல நிறுத்தாமல் சொன்னேன். இவ்வளவு செய்தும் அவருக்கு இப்படி ஆயிற்றே என்று டாக்டரிடம் நியாயம் கேட்கிற தொனியும் அதில் இருந்திருக்கும்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்து, என் தலையில் கை வைத்து, "நல்ல புள்ள" என்றார். அப்பாவிடம், "பாப்பா எதுவும் சாப்பிட்டிருக்காது போல. வெளிய கூட்டிட்டுப் போய் ஏதாவது வாங்கிக் குடுங்க" என்றார்.

டாக்டரே பாராட்டிவிட்டார். தெருமுனை டீக்கடையில் பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்தார் அப்பா. டாக்டர் என்னைப் பாராட்டியதை அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே தின்றேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது டாக்டர் இல்லை. சித்தி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டிக் உறை பிரிந்திருந்தது. ஒரு காகிதத்தின் பின்பக்கம் அவள் மடியில் விரிந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் அதை மடித்து உள்ளே வைத்தாள். வெகுநேரம் என்னையே பார்த்தாள்; அதற்கு முன் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. பிறகு முந்தானையை எடுத்து, என் உதட்டில் ஒட்டியிருந்த பன் துகளைத் துடைத்துவிட்டாள்.

அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று தெரிய எனக்கு எட்டு வருடம் ஆயிற்று. மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்த பிறகு, ஒரு சாதாரண வகுப்பில், பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தில் அந்த மாத்திரையின் பெயரைப் பார்த்தேன். அதற்குக் கீழே கீரை என்று இருந்தது. இரத்தம் உறைவதற்கு உடம்புக்கு ஒரு சத்து வேண்டும். அந்தச் சத்தின் வேலையைத் தடுத்து வைப்பதுதான் அந்த மாத்திரை. பச்சைக் கீரைகளில் அந்தச் சத்து நிறைய இருக்கிறது. கீரையே தின்னாத ஒருவருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்த மாத்திரை, அவர் தினமும் தட்டு நிறையக் கீரை தின்றால் போதாமல் போய்விடும். பரிசோதனை செய்தால் அது தெரியும். மாத்திரையைக் கூட்டிக் கொடுப்பார்கள். உலோக வால்வின் சத்தம் மந்தமானால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று இன்னொரு பக்கத்தில் இருந்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டு வகுப்பிலிருந்து வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்தேன். மதியம் வரை அங்கேயே இருந்தேன்.

இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். அந்த மாத்திரையை வாங்க வருகிறவர்களிடம், "கீரைய நிறுத்தவும் வேண்டாம், திடீர்னு கூட்டவும் வேண்டாம், எப்பவும் ஒரே அளவாச் சாப்பிடுங்க. மாசாமாசம் டெஸ்ட்ட விட்டுராதீங்க" என்று சொல்கிறேன். சரிங்க என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். இதனால் சித்தப்பாவுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அந்த வருடம், ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்த பிறகு அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சித்தி அவருக்கு ஊட்டினாள், அவரைத் துடைத்தாள், புரட்டினாள். மாத்திரையை நொறுக்கித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். நான் மறுநாளே பையை எடுத்துக்கொண்டு கீரைக்குக் கிளம்பிவிட்டேன். என் உத்தியோகத்திலிருந்து என்னை யாரும் நீக்கவில்லையே. சித்தி பையை வாங்கிக்கொண்டு, "வெச்சுட்டுப் போ கண்ணு. மத்தியானம் கடைஞ்சு குடுக்கறேன்" என்பாள். நான் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போவேன்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். கொல்லைப்புறமாக வந்தேன். சித்தி பட்டியில் நின்று, காலையில் நான் பறித்துக் கொடுத்த முருங்கைக்கீரையை ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இலைகூட மிச்சமில்லாமல் பையை உதறினாள். நான் வேலிக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அடுத்த நாளும் ஒளிந்திருந்து பார்த்தேன். அடுத்த நாளும்.

அவள்மேல் எனக்கு வந்த வெறுப்பு அந்த வயதுக்கு மிகப் பெரியது. கடைந்து கொடுக்கச் சோம்பல் என்று நினைத்தேன். சித்தப்பா தேறக் கூடாது என்றே செய்கிறாள் என்றும் நினைத்தேன். பறித்துக் கொடுப்பதை நிறுத்தவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

மாசி மாதத்தில் சித்தப்பா இறந்துபோனார். இரண்டாவது முறை அடைப்பு. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வந்தபோது முற்றத்தில் படுக்க வைத்திருந்தார்கள்.

பதினாறாம் நாள் சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தது. பெண்கள் நடுவில் சித்தி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பெரிய அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு, "எப்படி இருந்த பையன். என்னத்தப் போட்டாளோ, என்னத்தப் போடாம உட்டாளோ, யாரு கண்டா" என்றாள்.

நான் எழுந்து நின்றேன்.

"சித்தி கீரையே ஆக்கிப் போடல. நான் தெனமும் பறிச்சாந்து குடுத்ததையெல்லாம் ஆட்டுக்குப் போட்டுட்டா. நான் ஒளிஞ்சு நின்னு பாத்தேன். அதனாலதான் சித்தப்பா செத்துப்போயிட்டாரு."

அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, சித்தியிடம், "ஏம்மா, பாப்பா சொல்றது நெசமா?" என்றார்.

சித்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். டாக்டர் சொன்னதை அவள் அங்கே சொல்லியிருந்தால், அத்தனை கண்களும் அந்த நிமிடமே என் பக்கம் திரும்பியிருக்கும். அவள் மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாங்க மாமா. ஆட்டுக்குத்தான் போட்டேன். என் தப்புதானுங்க."

பிறகு யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருந்தது? அவளே ஒப்புக்கொண்டாள். பெரிய அத்தை கையை நீட்டி நீட்டிப் பேசினாள். வந்தவர்கள் போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டு போனார்கள். அப்பா கெட்டவர் அல்ல; அவர் சித்தியை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றிலிருந்து அவளோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். பத்து நாளில் சித்தியின் அண்ணன் வந்து, அவளைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். யாரும் இரு என்று சொல்லவில்லை.

படிப்பு முடிந்ததும் ஒருமுறை திண்ணனூர் நாட்டுக்குப் போனேன். சித்தி அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். வேறு கல்யாணம் பேசி வந்தவர்கள் 'புருசனுக்குச் சோறு போடாதவள்' என்ற பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள் என்று அந்த அண்ணனின் மனைவி சித்தியின் முகத்துக்கு நேராகவே என்னிடம் சொன்னாள். சித்தி எனக்குக் காப்பி கொடுத்தாள். என்ன வேலை, யாரோடு தங்கியிருக்கிறாய் என்று விசாரித்தாள். "சித்தி, அந்தக் கீரை..." என்று நான் ஆரம்பித்தேன். அவள் சட்டென்று எழுந்து, "அடுப்புல பால் இருக்குது சாமி" என்று உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் கிளம்பினேன். மன்னிப்புக் கேட்க ஒரு வழியை அவள் எனக்கு விடவில்லை. அது என்மேல் இருந்த பாசமா, கோபமா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டை விட்டு அவள் போன அந்தக் காலையைச் சொல்லிவிடுகிறேன். வழியனுப்ப வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் பஸ் நிற்கிற இடத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. அவள் அண்ணன் டிரங்குப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார். சித்தி என்னைப் பார்த்துவிட்டு, "கண்ணு, இங்க வா" என்றாள். நான் நாலு அடி தள்ளியே நின்றேன். அவளே வந்தாள். என் பின்னலில் ரிப்பன் அவிழ்ந்திருந்ததை முடிச்சுப் போட்டுவிட்டாள்.

"கீரை நல்லதுதான் சாமி. நீ நல்லதுதான் செஞ்ச. உங்கம்மாவுக்குப் பறிச்சுக் குடு. நீயும் தின்னு" என்றாள்.

இப்போதாவது அவளுக்குப் புத்தி வந்ததே என்று நினைத்துக்கொண்டேன். பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே கையை நீட்டி ஆட்டினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சித்தப்பாவைக் கொன்றவளுக்கு நான் எதற்குக் கை காட்ட வேண்டும்? வளைவில் பஸ் மறையும்வரை அந்தக் கை வெளியேதான் இருந்தது.